உறுமியும் மின்சாரப் பெட்டியும்

நாட்டுப் பாடலுக்கு மின்சார வாத்தியம் கூடுமா, கூடாதா என்னும் வழக்கு இப்பொழுது வீட்டுக்கு வீடு நடந்து வருகிறது. தாத்தாவும் பேரனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்கிறார்கள். தீர்ப்பு மட்டும் இரண்டாக வருகிறது. "நல்ல கும்மிப் பாட்டை யந்திரத்தில் போட்டு அரைத்துவிட்டார்களே!" என்று தாத்தா அங்கலாய்க்கிறார். "யந்திரத்தில் போட்டதனால்தான் தாத்தா, அந்தப் பாட்டு என் காது வரையில் வந்தது!" என்று பேரன் பதில் சொல்லுகிறான். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அடுக்களையிலிருக்கும் பாட்டியை மட்டும் யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. பிறந்தது முதல் அந்தப் பாட்டை அறிந்தவள் அவள் ஒருத்திதான்!

இந்த வழக்கைச் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு தீர்க்க முடியாது. பாட்டு விளைந்த பூமிக்கே போய்ப் பார்க்கவேண்டும். ஆகையால் நேயர்களை இந்த வாரம் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைக்கு அழைத்துப் போகிறோம்.

வானம் பார்த்த பூமி அது. பருத்தியும், கம்பும், சோளமும், குதிரைவாலியும், மிளகாயும், மல்லியும் மழையை நம்பிப் பிழைக்கிற இடம். வரப்புக்கு வரப்பு சீமைக் கருவேலம். குண்டாறு என்று ஓர் ஆறும் இருக்கிறது. வருஷத்தில் பெரும் பாகம் அதில் மணலைத்தான் பார்க்கலாம். ஆனால் தண்ணீருக்குத்தான் பஞ்சமே தவிர, பாட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. திருச்சுழி, சுந்தரமூர்த்தி நாயனார் தேவாரம் பாடிய ஸ்தலம். 1879இல் ரமண மகரிஷி பிறந்த ஊரும் அதுவே.

தேவாரம் பாடிய வாய் ஒரு புறம் இருக்க, ஏடறியாத வாய்கள் பாடியவை எத்தனை! மழை பொய்த்துப்போன வருஷங்களில் பெண்கள் கூட்டமாகப் புறப்பட்டு, வீடு வீடாகச் சோறும் கஞ்சியும் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, எல்லோரும் பகிர்ந்து உண்டு, வானத்தை நோக்கி அழுது பாடுவார்கள். அதற்கு மழைச்சோறு என்று பெயர். மாரியம்மன் பொங்கலில் முளைப்பாரியை நடுவில் இறக்கி வைத்துச் சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். துக்க வீட்டில் ஒப்பாரி, தொட்டிலுக்குத் தாலாட்டு, களையெடுக்கும்போது அலுப்புத் தெரியாமலிருக்க ஒரு பாட்டு. ஆண்களுக்கு, கையில் துணியை வீசிக்கொண்டு வரிசையாய் ஆடும் ஒயிலாட்டம்; ராஜகம்பளத்தார் உறுமி முழக்கத்துக்கு ஆடும் தேவராட்டம். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு என்று நையாண்டி மேளம் வந்துவிட்டால் ஊரே தெருவில்தான் இருக்கும்.

இவையெல்லாம் இன்று குறைந்துவிட்டன என்பதில் சந்தேகமில்லை. குறைத்தது யார் என்பதில்தான் நாம் தாத்தாவுடன் மாறுபடுகிறோம். கீபோர்டின் மீது அவர் கொலைக் குற்றம் சாட்டுகிறார். கீபோர்டு அந்த ஊருக்கு வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்னாலேயே பாட்டு மெலிந்து போயிருந்தது.

கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்த வரையில் கமலைப் பாட்டு இருந்தது. மின்சார மோட்டார் வந்ததும் மாட்டுக்கும் வேலை போயிற்று, பாட்டுக்கும் வேலை போயிற்று. உரலில் கம்பு குத்திய வரையில் உலக்கைக்குப் பாட்டு இருந்தது. மாவு மில் வந்த அன்று அது வாயை மூடிக்கொண்டது. நாட்டுப் பாடல் சபையில் உட்கார்ந்து கேட்பதற்காகப் பிறந்ததன்று. அது ஒரு வேலையாள். வேலை போனால் வேலையாள் ஊரை விட்டுப் போவதுபோலத்தான் அதுவும் போயிற்று. மோட்டாரை வேண்டாமென்று சொல்ல நமக்கு மனமில்லை. கமலை இறைத்த கைகளின் காய்ப்பை அறிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் வேலையிழந்த பாட்டுக்கு வேறு வேலை தேடிக் கொடுக்கவேண்டாமா? மேடையும், சினிமாவும், கைப்பேசியும் அப்படிக் கிடைத்த புது வேலைகள். அங்கே போகும்போது மின்சாரத்தின் சகவாசம் ஏற்படாமல் இராது.

அந்நிய வாத்தியம் என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் பிடிலைக் கையில் எடுத்தபோது அதுவும் அந்நிய வாத்தியந்தான். ஹார்மோனியத்தை 1940இல் அகில இந்திய ரேடியோ தள்ளிவைத்தது. சுமார் முப்பது வருஷம் அந்தத் தடை இருந்தது. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த ஸ்பெஷல் நாடக மேடையில் ஹார்மோனியம் இல்லாவிட்டால் வள்ளிக்குத் திருமணமே நடக்காது! சிவகாசியில் பிறந்த விசுவநாத தாஸ், முருகன் வேஷத்தில் நின்றபடியே தேசியப் பாட்டுப் பாடி, சிறையும் சென்று, 1940 டிசம்பர் 31ஆந் தேதி சென்னையில் மேடையிலேயே உயிர் துறந்தார். வெள்ளைக்காரர் தேசத்திலிருந்து வந்த பெட்டியை வைத்துக்கொண்டே வெள்ளைக்காரரை விரட்டப் பாடினார்கள்! பெட்டி குறுக்கே நிற்கவில்லை. இன்று சபைகளில் வித்வானின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சுருதிப் பெட்டியும் பல இடங்களில் மின்சாரம் குடிக்கிற ஜாதிதான். அதை யாரும் ஆட்சேபிக்கக் காணோம்.

அப்படியானால் தாத்தாவின் புகாரில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது சங்கீத சம்பந்தமான புகார். அதைச் சற்று விவரமாகப் பார்க்கவேண்டும்.

முதலாவது, சுருதி. கீபோர்டில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒப்பாரி பாடுகிறவள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் படி இறங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறாள். அந்த வழுக்கலில்தான் துக்கம் இருக்கிறது. கட்டைக்குக் கட்டை விரலை வைத்து அதை வாசித்தால், அழுகையை எழுத்துக் கூட்டிப் படித்தது போலாகும். ஸ்வரத்தை வளைக்கும் சக்கரம் அந்த வாத்தியத்தில் உண்டு. தெரிந்தவன் உபயோகிப்பான், தெரியாதவன் தொடமாட்டான்.

இரண்டாவது, தாளம். கும்மி பெரும்பாலும் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாய்ப் போகும். தாள யந்திரத்தைத் திறந்தவுடன் அது நான்கு நான்காகத்தான் தட்டத் தொடங்குகிறது. மூன்றாகத் தட்டச் சொன்னாலும் தட்டும். சொல்வதற்கு ஆள் வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், வேகம். கும்மி நிதானமாய் ஆரம்பித்து, கைகள் சூடேறச் சூடேற ஓட்டம் பிடிக்கும். யந்திரமோ நிமிஷத்துக்கு இத்தனை தட்டு என்று ஒருமுறை சொல்லிவிட்டால், முதலிலிருந்து கடைசி வரையில் அந்தக் கணக்கை விடாது. ஆடுகிறவர்களுடைய கால் யந்திரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியதாகிறது.

மூன்றாவது, உறுமி. ஒரு முகத்தைக் குச்சியால் அடித்து, மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமச் செய்கிறார்கள். ஒரு தேய்ப்பைப்போல் அடுத்த தேய்ப்பு இராது. கோபத்தில் ஒன்று, குழைவில் ஒன்று. அதில் ஒரே ஓர் உறுமலைப் பதிவு செய்து பெட்டியில் அடைத்துவிட்டால், ஆயிரந்தடவை அமுக்கினாலும் அதே உறுமல்தான் வரும். புலியைப் பாடம் செய்து கூடத்தில் நிறுத்தியிருப்பது போல!

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் ஏற்பட்டதன்று. ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் பால்கன் நாடுகள் இருக்கின்றன. பல்கேரியாவில் கிராமத்தார் ஆடும் ருசெனித்ஸா என்ற நடனத்துக்குத் தாளம் ஏழு. நாம் மிச்ரத்தைத் 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாய்ப் பிரித்தால், அவர்கள் 'தக தக தகிட' என்று இரண்டு, இரண்டு, மூன்றாய்ப் பிரிக்கிறார்கள். கோபானித்ஸா என்ற நடனத்துக்குப் பதினோரு அக்ஷரம்! ஹங்கேரியில் பிறந்த மகா வித்வான் பேலா பார்ட்டோக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெழுகு உருளையில் பதியும் பொனோகிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாய் அலைந்து நாட்டுப் பாடல்களைச் சேகரித்தார். பாட்டுடன், பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பதையும் குறித்து வைத்தார். பிறகு தம்முடைய பியானோ உருப்படிகளில் பல்கேரியத் தாளத்தை அதன் கோணல் மாறாமல் கையாண்டார்.

நூறு வருஷத்துக்குப் பிறகு அதே பால்கன் சங்கீதம் மின்சாரத்தைக் கைப்பிடித்தது. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து ஷாண்டெல் என்பவர், பால்கன் பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தையும் நடன விடுதிகளின் மின்சாரத் தாளத்தையும் சேர்த்து, 2003இல் 'புக்கோவினா கிளப்' என்ற இசைத் தொகுப்பை வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் வாலிபர்கள் அதற்கு ஆடினார்கள். உடனே அங்கும் ஒரு கேள்வி எழுந்தது. அந்தப் பித்தளை வாத்தியங்களைத் தலைமுறை தலைமுறையாக ஊதிவந்தவர்களில் பெரும்பாலோர் ரோமா என்னும் ஏழை ஜனங்கள். சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் நமது பாரத தேசத்திலிருந்து சென்றவர்களின் சந்ததியார். நடன விடுதியில் புகழும் பணமும் குவிந்தபோது அவர்களுக்கு வந்த பங்கு என்ன? பால்கனில் எழுந்த அந்தக் கேள்வியைத்தான் நாம் கரிசல் காட்டிலும் கேட்கவேண்டியிருக்கிறது.

நம் தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது, பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஸ்ரீ இளையராஜா, வயற்காட்டு மெட்டை மேல்நாட்டு வாத்தியங்களின் நடுவில் மரியாதையாய் உட்கார்த்தி வைத்தார். அவரே 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கம்ப்யூட்டரைக்கொண்டு வாத்தியங்களை இயக்கினார். 1989இல் 'கரகாட்டக்கார'னில் நாகசுரத்தையும் தவிலையும் முன்னே நிறுத்தினார். எது எங்கே வேண்டும் என்று தெரிந்தவருக்கு இரண்டும் ஏவல் செய்கின்றன. ஜனாப் ஏ. ஆர். ரஹ்மானின் சங்கீதம் மின்சாரக் கருவிகளுக்குள்ளேயே வளர்ந்தது என்று சொல்லலாம். அப்படியிருந்தும், 1994இல் வந்த 'கருத்தம்மா'வில் ஸ்வர்ணலதா பாடிய சோகப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்காதவர் குறைவு. தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. கருவிகள் பின்னால் ஒதுங்கி நிற்க, குரல் முன்னால் நடந்ததே காரணம் என்பது நம் அபிப்பிராயம்.

இவை பட்டணத்துக்குப் போன மெட்டுக்கள். பாடுகிறவர்களே போனதும் உண்டு. திருச்சுழிக்கு வடகிழக்கே, சிவகங்கைச் சீமையில், கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் ரேடியோவில் பாடிப் பெயர் பெற்று, 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்தும் பாடியும் எல்லோரையும் மகிழ்வித்தார். இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்த கே. ஏ. குணசேகரன், 'தன்னானே' குழுவோடு ஊரூராய்ப் பாடி, சர்வகலாசாலைப் பேராசிரியராயும் விளங்கினார். 2005இல் வெளியான தம் சரிதையான 'வடு'வில், தீண்டாமையின் கொடுமையை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். படிக்கிறவர்கள் தலை குனிய வேண்டிய புத்தகம். மேளம் நமக்கு வேண்டும். மேளக்காரரைத் திண்ணையில் உட்காரச் சொல்ல மட்டும் மனம் வராது. இந்தப் பழைய அநியாயம் மின்சாரம் உண்டாக்கியதன்று.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்ற பாட்டு வெளிவந்து கடல் கடந்து ஒலித்தது. ஸ்ரீ அறிவும் ஸ்ரீமதி தீயும் பாடினார்கள். ஸ்ரீ சந்தோஷ் நாராயணன் அமைத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலம் ஒரு குழியும் இன்றித் திரும்பிய அறிவின் பாட்டியின் கதை அதில் இருக்கிறது. ஒப்பாரி அதன் ஜீவன். மின்சாரத் தாளம் அதன் கால். நாட்டுப் பாடலும் புது ஓசையும் ஒன்றையொன்று விழுங்காமல் சேரக்கூடும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனால் பின்கதையையும் சொல்லவேண்டும். அந்த வருஷமே ஒரு சங்கீதப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லாதது பற்றிப் பேச்சு எழுந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு நடந்தபோது, எழுதியதும் பாடியதும் யார் என்ற விவாதம் பகிரங்கமாயிற்று. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டினால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நம் கவலை வேறு. படித்தவர்கள், பெயர் பெற்றவர்கள், கேட்கத் தெரிந்தவர்கள் கதையே இப்படியென்றால், திருச்சுழிப் பக்கத்தில் முளைப்பாரிப் பாட்டுப் பாடும் கிழவியின் கதி என்ன?

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்த்தோம். நமது காபிரைட் சட்டம் 1957இல் ஏற்பட்டது. 1994இல் செய்த திருத்தம், பாடுகிறவர், வாசிக்கிறவர் ஆகியோருக்கும் தங்கள் நிகழ்ச்சியின்மீது உரிமை கொடுத்தது. 2012இல் மறுபடி திருத்தியபோது, நிகழ்த்தியவர் இன்னார் என்று பெயர் குறிப்பிடும்படி கேட்கும் உரிமையும் சேர்ந்தது. ஆகவே கிழவியின் குரலைப் பதிவு செய்து வெளியிடுகிறவர் அவளிடம் சம்மதம் பெறவேண்டும், பெயரும் போடவேண்டும். ஆனால் மெட்டோ? அதை உண்டாக்கியவர் யாரென்று தெரியாது, கேட்பாரற்ற சொத்து. அவளிடம் மெட்டைக் கற்றுக்கொண்டு போய் வேறொரு குரலில் பாட வைத்தால், சட்டம் அவளுக்குத் துணை வருவது அரிது. சட்டம் நின்றுவிடுகிற இடத்தில் ஊராரின் யோக்கியதை வேலை செய்யவேண்டும்.

உள்ளூரில் நடப்பதையும் கவனிக்க வேண்டும். சில கோயில்களில் தீபாராதனை வேளையில் பட்டனைத் தட்டினால் மின்சார மோட்டாரே மணியடிக்கிறது, முரசும் கொட்டுகிறது. மேளக்காரருக்குப் படி அளக்க வேண்டியதில்லை என்பது அதன் பெருமை! திருவிழாக்களில் உறுமிக்கு இருந்த இடத்தில் கேரளத்துச் செண்டை வந்து நிற்கிறது. செண்டை மேளத்தில் மின்சாரம் எதுவும் இல்லை. அப்படியும் உறுமிக்காரர் வீட்டு அடுப்பு அணைந்துதான் போகிறது. இரவில் 'ஆடல் பாடல்' என்று மேடை போடுகிறார்கள். அதற்கு அனுமதி கோரி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வருகிற மனுக்கள் கொஞ்சமல்ல. இத்தனைக்கும் பணம் இருக்கிற திருவிழாக் கணக்கில் உள்ளூர் மேளத்துக்கு மட்டும் பணம் இல்லை என்றால், குற்றத்தைக் கீபோர்டின் தலையில் கட்டுவது தர்மமாகாது.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு அருப்புக்கோட்டையிலேயே கிடைக்கிறது. அது நெசவாளர் ஊர். இப்பொழுது விசைத்தறியின் ஓசைதான் அங்கே மிகுதி. ஆயினும் கைத்தறி என்றால் என்ன என்பதை அவ்வூர் அறியும். கைத்தறிச் சேலைக்கு நூல் பெரும்பாலும் மில்லிலிருந்துதான் வருகிறது. அதனால் அதைக் கைத்தறி அல்ல என்று யாரும் சொல்வதில்லை. நாடாவை எறிகிற கை எது, கரையின் வர்ணத்தைத் தீர்மானிக்கிற கண் எது என்பதே கேள்வி. பாட்டுக்கும் அதே பரீட்சைதான். சுருதியைப் பாடுகிறவள் தீர்மானித்து, கீபோர்டு அதற்கு இறங்கி வருகிறதா? வேகத்தைக் கும்மி கொட்டுகிற கைகள் தீர்மானித்து, தாள யந்திரம் பின்னால் ஓடிவருகிறதா? உறுமிக்காரர் நேரில் நின்று வாசித்துக் கூலி பெறுகிறாரா? ஆம் என்றால், தாத்தா தாராளமாய்த் தலையாட்டலாம். இல்லையென்றால், பேரன் எவ்வளவு ஆடினாலும் அது மேலே ஒட்டவைத்த சரிகைதான்.

நேயர்கள் செய்யக்கூடியது சிறிது உண்டு. பங்குனி, சித்திரைப் பொங்கலுக்கு வரி வசூலித்து நோட்டீஸ் அடிக்கும்போது, பட்டணத்துக் கச்சேரிக்காரர் பெயருக்குச் சமமான எழுத்தில் உள்ளூர் உறுமிக்காரர், நையாண்டி மேளக்காரர், கும்மிப் பாட்டுக்காரி ஆகியோர் பெயரையும் அச்சிடுங்கள். மின்சார வாத்திய கோஷ்டியை அழைத்தால், அவர்களோடு ஒரு மணி நேரமாவது இவர்களைச் சேர்த்து வாசிக்கச் செய்யுங்கள். கூலியை மேடையிலிருந்து இறங்கியவுடன் கையில் கொடுங்கள். வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. பார்ட்டோக்கைப்போல் மெழுகு உருளையைச் சுமக்கவேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள், கிழவிகளின் சம்மதத்தைக் கேட்டு, பாட்டைப் பதிவு செய்து, பாடியவர் பெயர், ஊர், தேதி, எந்தச் சமயத்துக்குரிய பாட்டு என்பதையும் தவறாமல் எழுதி வைக்கட்டும். மழைச்சோற்றுப் பாட்டு முழுவதையும் பாடக்கூடியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் அநேகர் எழுபதைத் தாண்டியவர்கள். அடுத்த பொங்கலுக்குப் போகும்போது முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.